மீன் தொட்டிக்கு கார்பன், பாஸ்பேட் ஃபில்டர்: வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

"டாக்டர், தொட்டித் தண்ணி எப்பவும் பச்சையாவே இருக்கு. கடையில கார்பன் ஒண்ணும் பாஸ்பேட் ரிமூவர் ஒண்ணும் போடச் சொல்றாங்க. போடலாமா?"

தேனி, போடி, சின்னமனூர், கம்பம்னு பல ஊர்ல இருந்தும் இந்தக் கேள்வி வருது.

மனுஷ டாக்டர்கிட்ட மீன் கேள்வியான்னு சிரிக்காதீங்க. கார்பனும் பாஸ்பேட்டைப் பிடிக்கிற மருந்தும் நாங்க ஆஸ்பத்திரியில தினமும் கையாளும் பொருட்கள். அதனால இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

கார்பன் நல்ல பொருள்தான். ஆனா எதுக்குப் போடுறோம்னு தெரிஞ்சு போடணும். பாஸ்பேட் ரிமூவர், நம்ம வீடுகளில் கோல்டு ஃபிஷ், கப்பி, மோலி வளர்க்கும் தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவையே இல்லை. அந்தக் காசை மிச்சம் பிடிச்சு, தீனியைக் குறைச்சு, தண்ணியை மாத்தினாலே போதும்.

ஏன்னு விளக்கமா பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

முதலில் கார்பன்.

தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியில் கடும் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உருவாகும். இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். நம்ம காங்கேயம், பொள்ளாச்சி பக்கத்துச் சிரட்டை இந்தத் தொழிலுக்குத்தான் பெருமளவில் போகிறது.

ஒரே ஒரு கிராம் கார்பனுக்குள் இருக்கும் துளைகளின் சுவர்களை எல்லாம் விரிச்சுப் போட்டா 500 சதுர மீட்டருக்கு மேல வரும். அதாவது ஏறக்குறைய 12 சென்ட் மனை. ஒரு கிராமுக்குள்ள!

அந்தச் சுவர்களில்தான் அழுக்கு போய் ஒட்டிக்கொள்கிறது. அடுப்புக்கரியை உடைச்சுப் போட்டா இந்த வேலை நடக்காது. சாம்பல் கலந்து தண்ணி கெடும், அவ்ளோதான்.

விஷம் சாப்பிட்டு வருபவர்களுக்கு நாங்கள் கரைத்துக் கொடுக்கும் கறுப்புத் தூளும் இதே கார்பன்தான். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். ஆனால் எல்லா விஷமும் அதில் ஒட்டாது. இரும்புச்சத்து மாத்திரை ஒட்டாது. சாராயம் ஒட்டாது. ஆசிட் ஒட்டாது. கேஸைப் பார்த்துத்தான் கொடுப்போம்.

தொட்டியிலும் அதே கதைதான்.

கார்பன் எதைப் பிடிக்கும்? தண்ணியின் மஞ்சள் நிறம், வாடை, குளோரின், நாம ஊத்துன மருந்துகளின் மிச்சம்.

எதைப் பிடிக்காது? அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், உப்பு.

புதுத் தொட்டி வாங்கி, அன்னைக்கே பத்து மீனை விட்டு, நாலாவது நாள் ஒண்ணொண்ணா சாகுதே, அதுக்குக் காரணம் பெரும்பாலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான். "கார்பன் போட்டிருந்தேனே டாக்டர்" என்பார்கள். போட்டிருப்பீங்க. அது அந்த வேலைக்கான ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்றது ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா. அது பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

நைட்ரைட் அதிகமானால் மீனின் ரத்தம் பழுப்பு நிறமாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். மனிதர்களுக்கும் இதே நோய் உண்டு, மெத்திமோகுளோபினீமியா என்போம். அதற்கு நாங்கள் ஊசியாகப் போடும் மருந்து மெத்திலீன் புளூ. மீன் கடையில பூஞ்சைக்குன்னு விக்கிற நீலச் சொட்டு இருக்கே, அதுவும் மெத்திலீன் புளூதான்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. அந்த நீலத்தை ஊத்தும்போது ஃபில்டரில் கார்பன் இருந்தால், காலையில் பார்த்தால் தண்ணி கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். "மருந்து நல்லா வேலை செஞ்சிருச்சு"ன்னு நினைப்போம். மருந்தைக் கார்பன் தின்னுட்டது. மருந்து போடும் நாட்களில் கார்பனை வெளியே எடுத்துடுங்க. சிகிச்சை முடிஞ்ச பிறகு மிச்ச மருந்தை உறிஞ்ச புதுக் கார்பன் போடுங்க. கார்பனுக்கு இதைவிட நல்ல உபயோகம் வீட்டில் வேறு கிடையாது என்பது என் கருத்து.

அடுத்து, கார்பன் நிறைஞ்சு போனா வெளியில எந்த அறிகுறியும் தெரியாது. ஆரம்பத்துலயும் கறுப்பு, முடிவுலயும் கறுப்பு.

டயாலிசிஸ் செய்யும் இடங்களில் இதை நாங்கள் உயிர் பிரச்சனையாகப் பார்க்கிறோம். ஒரு நோயாளிக்கு நாலு மணி நேர டயாலிசிஸுக்கு சுமார் 120 லிட்டர் தண்ணீர் தேவை. அந்தத் தண்ணியில் குளோரின் வகை மிச்சம் இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக ரெண்டு கார்பன் டேங்க் வைப்பாங்க. முதல் டேங்கைத் தாண்டி வரும் தண்ணியைச் சோதிச்சு, லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினா உஷாராயிடுவாங்க. ரெண்டாவது டேங்க் காவலுக்கு நிக்கும்.

வீட்டுத் தொட்டிக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா ஒரு தடவை போட்ட கார்பனை ஒரு வருஷமா அப்படியே வச்சிருக்காதீங்க. மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை மாத்துங்க. 100 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் அளவில் தொடங்கலாம். டப்பாவில் வேற அளவு போட்டிருந்தா அதைப் பின்பற்றுங்க. வலைப்பையில் போட்டு, கறுப்புத் தூள் வராத வரை அலசி, ஸ்பாஞ்சைத் தாண்டி தண்ணி வரும் இடத்தில் வைங்க. ஸ்பாஞ்சுக்கு முன்னாடி வச்சா கழிவு போய் துளைகளை அடைச்சிடும். வாங்கும்போது "சிரட்டைக் கார்பனா?"ன்னு கேட்டு வாங்குங்க. மரத்திலிருந்து பாஸ்பாரிக் ஆசிட் போட்டுத் தயாரிக்கும் வகையும் உண்டு. அது தொட்டிக்குள்ளேயே பாஸ்பேட்டைக் கசியவிடலாம். ஒரு கையில் பாஸ்பேட்டை எடுக்க மருந்து, இன்னொரு கையில் பாஸ்பேட்டைப் போட கார்பன்! தேவையா இது?

குளோரின் பத்தி ஒரு வார்த்தை. முல்லைப் பெரியாறு தண்ணி 1895-லிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம்ம பள்ளத்தாக்குக்கு வருது. நம்ம பல ஊர்களின் குடிநீருக்கு ஆதாரமும் அந்த ஆறுதான். குளோரின் போட்டுத்தான் குழாய்க்கு வரும், வரணும். குளோரின் போடாத தண்ணி வேணும்னு மீனுக்காக ஆசைப்படாதீங்க, அது நமக்கு ஆபத்து. குழாய்த் தண்ணியை நேரா தொட்டியில ஊத்திட்டு "ஃபில்டர்ல கார்பன் இருக்கு, பாத்துக்கும்"னு விடவும் கூடாது. கார்பன் உறிஞ்சி முடிக்கிறதுக்குள்ள குளோரின் மீனோட செவுளைப் பதம் பார்த்துடும். தண்ணியை ஒரு நாள் பிடிச்சு வச்சு, காத்து மோட்டார் ஓடவிட்டு, அப்புறம் ஊத்துங்க. அவசரம்னா சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு.

சரி, பாஸ்பேட்டுக்கு வருவோம்.

தண்ணி பச்சையாவதற்கும் பாஸ்பேட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1973-ல் கனடாவில் ஒரு ஏரியை எடுத்துக்கிட்டாங்க. ஏரி எண் 226. நடுவில் திரை போட்டு ரெண்டாகப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தாங்க. இன்னொரு பக்கம் அதே ரெண்டோட பாஸ்பரஸும் சேர்த்தாங்க. பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பச்சைப் பசேல்னு பாசி பிடிச்சது. திரைக்கு அந்தப் பக்கம் தெளிஞ்ச தண்ணி. மேலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. துணி சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கச் சட்டங்கள் வருவதற்கு இந்த ஆராய்ச்சியும் வலு சேர்த்தது.

ஆக, கடைக்காரர் சொல்றது பொய் இல்லை. பாஸ்பேட் பாசிக்குத் தீனிதான். ஆனால் அந்த பாஸ்பேட் எங்கிருந்து வருது?

ஒரு கணக்குப் போடுவோம். மீன் தீனியில் தோராயமாக 1 சதவீதம் பாஸ்பரஸ். தினம் 1 கிராம் தீனி போட்டா 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். ஒரு வாரத்தில் 2 மில்லிகிராம். ஒரு பகுதி மீன் உடம்பில் தங்கும். மிச்சம் எல்லாம் தண்ணிக்குத்தான்.

தினமும் காலையில அப்பா ஒரு சிட்டிகை, சாயங்காலம் பிள்ளைங்க ஒரு சிட்டிகை, ராத்திரி "பாவம் பசிக்குதோ என்னவோ"ன்னு அப்பத்தா ஒரு சிட்டிகை. மீன் மேல வந்து வாயைத் திறக்குறது பசியால இல்லைங்க. நம்மளைப் பார்த்தா தீனி வரும்னு பழகிடுச்சு.

என் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் இதேதான் பிரச்சனை. சிறுநீரகம் செயலிழந்தா ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும். இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம். அது தொடர்ந்து ஏறி நின்னா ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும், எலும்பு பலவீனமாகும். ஒரு டயாலிசிஸில் ஏறக்குறைய 800 மில்லிகிராம் பாஸ்பரஸ் வெளியேறும். ஆனா ஒரு நாள் சாப்பாட்டிலேயே அதே அளவு, சில சமயம் அதைவிட அதிகம் உள்ளே வருது. அதனாலதான் சாப்பாட்டில் கட்டுப்பாடு, அப்புறம் டயாலிசிஸ், அதுக்கும் மேல சாப்பாட்டோட சேர்த்து பாஸ்பேட்டைப் பிடிக்கிற மாத்திரை.

"மாத்திரை தான் போடுறேனே, கோலா குடிச்சா என்ன?"ன்னு கேட்டா எந்த டாக்டரும் ஒத்துக்க மாட்டாரு. மாத்திரையோட கொள்ளளவு கொஞ்சம்தான்.

தொட்டியில் தண்ணி மாத்துறதுதான் டயாலிசிஸ். பாஸ்பேட் ரிமூவர்தான் மாத்திரை. தீனிதான் சாப்பாடு. முதல் ரெண்டையும் விட்டுட்டு மாத்திரையை மட்டும் வாங்குறாங்க.

இதில் சுவாரசியம் என்னன்னா, மூலப்பொருளும் ஒரே இனம். தொட்டிக்கு விற்கும் செம்பழுப்புக் குருணை இரும்பு ஆக்சைடு. சிறுநீரக நோயாளிக்கும் இரும்பு சார்ந்த மாத்திரை இருக்கு. தொட்டிக்கு ஊத்தும் திரவம் லாந்தனம் குளோரைடு. நோயாளி மென்று சாப்பிடுவது லாந்தனம் கார்பனேட். வெள்ளைக் குருணையாக வருவது அலுமினியம் ஆக்சைடு. ஒரு காலத்தில் நோயாளிகளுக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். மூளையும் எலும்பும் பாதிக்கப்படுவது தெரிந்து, நீண்ட நாள் மருந்தாகக் கொடுப்பதைக் கைவிட்டார்கள்.

அதே காரணத்தால, கலங்கல் தெளியணும்னு தொட்டியில படிகாரத்தைக் கலக்காதீங்க. படிகாரமும் அலுமினியம்தான். மலையிலிருந்து வரும் ஆத்துத் தண்ணி மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் சக்தி குறைவு. படிகாரம் விழுந்தா தண்ணியின் பிஹெச் சடார்னு இறங்கி மீன் செத்துப் போகும். போர் போட்ட உப்புத் தண்ணி கொஞ்சம் தாங்கும். அதுக்காக அதிலும் போடச் சொல்லல.

அப்போ பாஸ்பேட் ரிமூவர் யாருக்குத்தான் வேணும்? கடல் பவளம் வளர்ப்பவர்களுக்கு. அங்கே லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே பவளத்தின் வளர்ச்சி தடைபடலாம். நன்னீர் மீனுக்கு 1, 2 மில்லிகிராம் பாஸ்பேட் நேரடிக் கெடுதல் செய்யாது. தொட்டியில் செடி வச்சிருந்தா அந்தச் செடிக்கே பாஸ்பேட் வேணும். மொத்தமா உறிஞ்சிட்டா செடி வாடும்.

எல்லாம் செஞ்சும் போட்டே ஆகணும்னா, முதலில் பாஸ்பேட் டெஸ்ட் கிட் வாங்கி அளங்க. அப்புறம் இரும்புக் குருணையை நல்லா அலசி, சொன்ன அளவில் பாதி போட்டுத் தொடங்குங்க. கார்பனுக்குப் பக்கத்தில், தண்ணி மெதுவாக ஊடுருவும் இடத்தில் தனிப் பையில் வைங்க. வாரம் ஒருமுறை அளந்து பாருங்க. குறையாம நின்னா குருணை நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். லாந்தனம் திரவத்தை நேரா தொட்டியில் ஊத்த வேண்டாம். பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்புகை மாதிரி படிந்து செவுளை அடைக்கும்.

நம்ம பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கை.

"ஃபில்டர்லாம் எதுக்கு சார், இயற்கையா கண்மாய்த் தண்ணி, வாய்க்கால் தண்ணி ஊத்திக்கலாமே?"ன்னு கேக்குறாங்க. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். டிஏபி உரத்தில் 46 சதவீதம் பாஸ்பேட் சத்து. மழைக்கு மண்ணோட கரைஞ்சு வடிகாலுக்கு வர்றது பாசிக்கு விருந்து. அதைக் கொண்டுவந்து தொட்டியில ஊத்திட்டு பாஸ்பேட் ரிமூவர் வாங்குறது என்ன கணக்கு?

திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவங்க இன்னும் கவனம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கம்பம் பன்னீர் திராட்சையை அடிச்சாம்பல் நோயிலிருந்து காப்பாத்த மருந்து அடிச்சே ஆகணும், விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் மிகச் சிறிய அளவிலேயே எமன். கார்பன் செம்பை நம்பும்படியாகப் பிடிக்காது. மருந்து அடிச்சு வந்த கையோட தொட்டிக்குள்ள கை விடாதீங்க. அடிக்கும் நாட்களில் தொட்டியை மூடி, காத்து மோட்டாரை உள்ளறையில் வைங்க. மொட்டை மாடியில் பிடிச்ச மழைத்தண்ணியை அந்தப் பருவத்தில் தவிர்த்துடுங்க. கொசுவை விரட்டும் லிக்விட் மெஷினில் இருப்பதும் மீனுக்கு ஆகாத மருந்துதான், தொட்டி இருக்கிற ரூமில் வேண்டாம்.

பச்சைத் தண்ணியை நாங்க ஏன் சாதாரணமா எடுத்துக்கிறதில்லன்னா, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, நீலப்பச்சைப் பாசி பிடித்த நீர்த்தேக்கத்துத் தண்ணி சரியாகச் சுத்திகரிக்காமல் லாரியில் வந்தது. மையத்தில் கார்பன் ஃபில்டர் இருந்தது. பாசியின் நஞ்சு அதையும் தாண்டிப் போனது. ஈரல் பாதித்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். உங்க வீட்டுத் தொட்டியில் அப்படி நடக்காது, பயப்பட வேண்டாம். ஆனா மூலத்தில் கெட்டுப்போன தண்ணியைக் கடைசியில் ஒரு டப்பா கார்பன் காப்பாத்தும்னு நம்பக்கூடாது.

இனி நம்ம உடம்பு சமாச்சாரம். இதுதான் டாக்டரா நான் சொல்லியே ஆக வேண்டியது.

சர்க்கரை நோய் உள்ள ஒரு அக்கா. விரலில் சின்னக் கட்டி, அப்புறம் முழங்கை வரை வரிசையா நாலஞ்சு கட்டி. சாதாரண ஆன்டிபயாட்டிக் எதுக்கும் மசியல.

"அக்கா, வீட்ல மீன் தொட்டி இருக்கா?"

"ஆமா சார். பய ஆசைப்பட்டு வாங்குனது. கழுவுறது மட்டும் நாந்தான்."

அது மைக்கோபாக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். ஃபில்டர் ஸ்பாஞ்ச் கழுவும்போது கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக நுழையும். சில வாரம் கழிச்சுத்தான் கட்டி வரும். ஆளுக்கு ஆள் பரவாது. மாசக்கணக்கில் மாத்திரை சாப்பிடணும், குணமாகும். அந்த அக்காவுக்கும் குணமாச்சு, நாலு மாசம் ஆச்சு.

அதனால கையில் காயம் இருந்தா ஃபில்டரைத் தொடாதீங்க. கையுறை போட்டுக் கழுவுங்க, முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் நோயாளி, சிறுநீரகம் மாற்றி வச்சவங்க இந்த வேலையை வீட்டில் வேற ஆள்கிட்ட விடுங்க. ஆறாத கட்டி வந்தா டாக்டர் கேட்காட்டியும் "எங்க வீட்ல மீன் தொட்டி இருக்கு"ன்னு நீங்களே சொல்லுங்க.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில் கழுவ வேண்டாம், குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியிலேயே பிழிஞ்சு எடுங்க. கை விடுறதுக்கு முன்னாடி எல்லா ப்ளக்கையும் பிடுங்கிடுங்க.

குளோரின் போகப் பிடிச்சு வச்ச வாளியைத் துணி கட்டி மூடுங்க. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டிக்குள்ள கப்பி இருக்கு, புழுவைத் தின்னுடும். வாளிக்குள்ள யார் இருக்கா? மீன் வளர்க்கிற வீட்டில் டெங்கு வளரக்கூடாது.

வளர்ந்து பெரிசான டேங்க் கிளீனரை முல்லை ஆத்துலயோ கண்மாயிலயோ விட்டுடாதீங்க. தமிழ்நாட்டில் எத்தனையோ நீர்நிலைகளில் அது பெருகி, வலையில் மத்த மீனே விழல்ல என்று மீனவர்கள் புலம்புறாங்க.

இப்போ பச்சைத் தண்ணிக்கு என் மருந்துச் சீட்டு.

தீனி ஒரு நாளைக்கு ஒரே வேளை, ரெண்டு நிமிஷத்தில் தின்னு முடிக்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வாரம் ஒருமுறை மூணில் ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, அடியில் படிஞ்ச கழிவை ட்யூப் வச்சு உறிஞ்சி எடுங்க. ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்க. லைட் ஆறேழு மணி நேரம் போதும். தண்ணியே கீரைச்சாறு மாதிரி இருந்தா மூணு நாள் லைட்டை அணைச்சு, போர்வை போட்டு மூடி, காத்து மட்டும் ஓடட்டும். எடுத்த பழைய தண்ணியை, உப்போ மருந்தோ கலக்காத பட்சத்தில், கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊத்துங்க. நீங்க காசு கொடுத்துப் பிடிக்க நினைச்ச பாஸ்பேட் அந்தச் செடிக்கு உரம்.

ஒரு மாசம் இப்படிச் செஞ்சு பாருங்க. அதுக்கப்புறமும் பச்சை மாறலைன்னா, தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், குழாய்த் தண்ணியில் பாஸ்பேட் எவ்வளவு, தொட்டித் தண்ணியில் எவ்வளவுன்னு அளந்து எழுதுங்க. அப்போ பாஸ்பேட் ரிமூவர் வாங்கலாமான்னு பேசுவோம்.